குண்டு துளைக்காத கண்ணாடி தேடிய கல்வெட்டுப் பட்டறை: ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

மதுரையிலிருந்து மேலூர் போகும் வழியில், நான்குவழிச் சாலையை விட்டுக் கொஞ்சம் உள்ளே தள்ளி, என் பள்ளிக்கூட நண்பனின் கல் பட்டறை இருக்கிறது. அடிக்கல், திறப்பு விழாக் கல்வெட்டு, கோயில் உபயதாரர் பட்டியல், வீட்டு வாசல் பெயர்ப்பலகை, அவ்வப்போது சமாதிக் கல். நான் பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் பாடம் எடுப்பவன். இந்தக் கதையில் தப்புப் பண்ணியவர்களில் நானும் ஒருவன் என்பதால்தான் எழுத உட்கார்ந்தேன்.

வேலை நடக்கும் விதம் இதுதான். மெருகேற்றிய கல்லின் மேல் ரப்பர் ஷீட் ஒட்டி, எழுத்தின் வடிவத்தை வெட்டி எடுத்துவிடுவார்கள். கல்லை ஒரு தகரப் பெட்டிக்குள் வைத்து, கம்ப்ரசர் காற்றோடு எமரி என்ற கடினமான கல்லின் தூளை வேகமாக அடித்தால், ரப்பர் இல்லாத இடம் மட்டும் குழியும். பெட்டியின் முன்பக்கம் பார்ப்பதற்கு ஒரு கண்ணாடி, கீழே கையை விட இரண்டு ஓட்டை, அதில் தடித்த கையுறை. காலால் பெடலை மிதித்தால் அடிக்கும், விட்டால் நிற்கும். பெட்டியைச் செய்தது உள்ளூர் வெல்டிங் பட்டறை, கண்ணாடி சாதாரண 5 மி.மீ. ஜன்னல் கண்ணாடி.

அந்தக் கண்ணாடிதான் பிரச்சினை. கல்லில் பட்டுத் திரும்பும் தூள் அதில் மோதி மோதி, ஒரு வாரம் பத்து நாளில் பனி படர்ந்த மாதிரி ஆகிவிடும். தேர்தல் அறிவிப்பு வருவதற்கு முந்தைய மாதங்களில், நிழற்குடை முதல் தண்ணீர்த் தொட்டி வரை எல்லாவற்றுக்கும் அவசரமாகத் திறப்பு விழா வைப்பார்களே, அப்போது நாலே நாளில் மங்கிவிடும்.

என்ன கவனித்தோம்

பெட்டியில் வேலை செய்பவர் ஐம்பதைத் தாண்டிய அண்ணன் ஒருவர். அந்தப் பட்டறையில் அவரளவுக்குச் சுத்தமாக எழுத்து வெட்ட ஆளில்லை. கொஞ்ச நாளாக அவருக்கு வறட்டு இருமல். ஆஸ்பத்திரியில் மார்பு எக்ஸ்ரே எடுத்தார்கள், படத்தில் இப்போதைக்கு ஒன்றும் இல்லை, ஆனால் தூசியில் இப்படியே தொடர்ந்தால் சொல்ல முடியாது என்று டாக்டர் எச்சரித்து அனுப்பினார்.

நண்பன் என்னைக் கூப்பிட்டது அதற்குப் பிறகுதான். போய் அரை நாள் நின்று பார்த்தேன். அண்ணன் சில நிமிடத்துக்கு ஒரு தடவை பெடலை விட்டுவிட்டு, பெட்டியின் பக்கக் கதவைத் திறந்து, தலையை உள்ளே நீட்டிப் பார்க்கிறார். உள்ளே தூள் இன்னும் புகையாக மிதக்கிறது. முகத்தில் கட்டியிருப்பது துண்டு. கறுப்புக் கல்லில் குவார்ட்ஸ் என்ற சிலிக்காக் கனிமம் குறைவு, மேலூர்ப் பக்கத்து வெள்ளை, வண்ணக் கற்களில் நிறைய உண்டு. அந்தக் குவார்ட்ஸ் தூள் நுரையீரலில் தங்கித் தழும்பாக்கினால் அதுதான் சிலிக்கோசிஸ். வந்த பிறகு குணப்படுத்த வழியில்லை. துண்டு வடிகட்டுகிற அளவை விட ஆபத்தான தூள் மிக மிகப் பொடியானது. போன வருடம் வரை விலை குறைவென்று சில நாள் ஆற்று மணலையும் அடித்திருக்கிறார்கள், அதிலும் குவார்ட்ஸ்தான், அதை அன்றே நிறுத்தச் சொன்னேன். பிரிட்டனில் வார்ப்படங்களில் மணல் அடிப்பதை 1950 வாக்கிலேயே தடை செய்துவிட்டார்கள்.

நாங்கள் மூன்று பேர், அதாவது நண்பன், இன்ஜினியரிங் படிக்கும் அவன் மகன், நான், கூடிப் பேசி வந்த முடிவு: கண்ணாடி மங்குகிறது, அதனால் கதவைத் திறக்கிறார், அதனால் தூசி. மங்காத கண்ணாடி போட்டால் தீர்ந்தது. அண்ணனிடம் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. இது பின்னால் வரும்.

முதல் முடிவு: சினிமாப் பொருளை வாங்குவது

பையன் ஒரு வீடியோவைக் காட்டினான். பளிங்கு மாதிரித் தெளிந்த பலகை, அதில் பெரிய துப்பாக்கியால் சுடுகிறார்கள், குண்டு நிற்கிறது. “அங்கிள், ஸ்டார் ட்ரெக் படத்துல வர்ற கண்ணாடி அலுமினியம் இப்ப நெசமாவே வந்துருச்சு.”

வந்துவிட்டது உண்மைதான். அதன் பெயர் அலுமினியம் ஆக்சிநைட்ரைடு, சுருக்கமாக அலான். உலோக அலுமினியம் அல்ல. அலுமினியம், ஆக்சிஜன், நைட்ரஜன் சேர்ந்த செராமிக். பொடியாக அரைத்து, அச்சில் அழுத்தி, மிக அதிக வெப்பத்தில் சுட்டு, கடைசியில் பாலிஷ் போடுகிறார்கள். செங்கல் சூளையின் தூரத்துச் சொந்தம் என்று வைத்துக்கொள்ளலாம். படம் வந்தது 1986ல், அலான் ஆராய்ச்சி 1970களிலேயே அமெரிக்க ராணுவ ஆய்வுக்கூடத்தில் நடந்துகொண்டிருந்தது, ஆக சினிமாவைப் பார்த்து விஞ்ஞானி செய்தார் என்ற கதை செல்லாது. இன்னொன்று, அந்த வீடியோவில் குண்டைத் தடுப்பது செராமிக் மட்டும் இல்லை. முன்னால் இருக்கும் செராமிக், வரும் குண்டின் கூர்முனையை உடைக்கும், அதன் பின்னால் கண்ணாடி அடுக்கு, கடைசியில் பாலிகார்பனேட் என்ற உறுதியான பிளாஸ்டிக் சிதறலைப் பிடிக்கும். தனி வீரன் இல்லை, கூட்டணி.

இதையெல்லாம் நான் பெருமையாக விளக்கினேன். எது எதைக் கீறும் என்று வரிசைப்படுத்தும் மோஸ் கடினத்தன்மை அளவில் ஜன்னல் கண்ணாடி ஐந்தரை, குவார்ட்ஸ் 7, ஸ்பினெல் என்ற மணிக்கல் 8, அலான் அதற்குச் சற்று மேலே, நீலக்கல் 9. செயற்கை நீலக்கல், அதாவது சஃபையர், நிறமில்லாமல் நல்ல கைக்கடிகாரங்களில் கண்ணாடியாக வருகிறதே, அதேதான்.

விசாரித்ததில் அலான் சில்லறையில் கிடைக்கிற பொருளே இல்லை. பெட்டி ஜன்னல் அளவுக்கு சஃபையர் வாங்கப் பெட்டி, கம்ப்ரசர் எல்லாவற்றையும் விற்றாலும் கட்டாது. அங்கேயே நின்றிருக்கலாம். இணையத்தில் ஒரு விற்பனையாளர் “ட்ரான்ஸ்பரன்ட் செராமிக் பிளேட், கடினத்தன்மை 9எச்” என்று போட்டிருந்ததைப் பையன் கண்டுபிடித்தான். விலை ஜன்னல் கண்ணாடியைப் போல் பல மடங்கு, சஃபையரோடு ஒப்பிட்டால் கொசுறு. என்னிடம் காட்டினான். 9 என்ற எண்ணைப் பார்த்ததும், “பரவாயில்லையே, வாங்கிப் பார்ப்போம்” என்று சொன்னது நான்தான்.

9எச் என்பது பென்சில் அளவு. பென்சில் கருவில் இருக்கும் எச்சும் பியும்தான் அது. 9எச் பென்சிலால் கீறினால் கீறல் விழாது என்று மட்டும் பொருள், மொபைலுக்கு ஒட்டும் கண்ணாடி உறையின் அட்டையிலும் அதுதான் போட்டிருக்கும். மோஸ் 9க்கும் அதற்கும் சம்பந்தமே கிடையாது. வருடா வருடம் பாடம் எடுக்கிறேன், ஆனாலும் விழுந்தேன்.

பிளேட் வந்தது, மாட்டினோம், பத்தாம் நாள் பழையபடி பனி.

தராசு சொன்னது

கழற்றும்போது பையன் கையிலிருந்து நழுவி விழுந்து, மொத்தமும் கற்கண்டு கற்கண்டாக நொறுங்கியது. அப்படி நொறுங்கினால் அது டஃபன்டு கண்ணாடி, பஸ் பக்கவாட்டு ஜன்னலில் இருப்பது. பையன் ஒத்துக்கொள்ளவில்லை, செராமிக்கும் அப்படி உடையலாமே என்றான். சரி என்று கொஞ்சம் துண்டுகளைப் பொட்டலம் கட்டிக்கொண்டு தெற்காவணி மூல வீதிப் பக்கம் எனக்குப் பழக்கமான ஒரு நகை ஆசாரியிடம் போனோம். அவர் தராசில் தொங்கவிட்டுக் காற்றில் ஒரு எடை, தண்ணீரில் முக்கி ஒரு எடை. காற்றில் 18.9 கிராம், தண்ணீரில் 11.4. காற்றில் உள்ள எடையை, தண்ணீரில் குறைந்துபோன 7.5 கிராமால் வகுத்தால் அடர்த்தி எண் 2.52. கண்ணாடி இரண்டரைக்கு அருகில்தான் இருக்கும். அலான் என்றால் 3.7, சஃபையர் என்றால் 3.98 வரவேண்டும். ஆசாரி கேட்டார், “இதுக்கா தம்பி இம்புட்டுத் தூரம் வந்தீங்க, வாங்குறதுக்கு முன்னாடி வந்துருக்கலாம்ல?” பணம் திரும்பவில்லை. விற்றவர் பதிலே போடவில்லை.

ஒரு கிளைக்கதை: தெருவிளக்கு

அதே வாரம் பழைய இரும்புக் கடையில் எல்இடிக்காகக் கழற்றிப் போட்ட மஞ்சள் சோடியம் விளக்குகள் குவிந்து கிடந்தன. ஒன்றை வாங்கிவந்து, வெளிக்கண்ணாடியைக் கவனமாக உடைத்து, உள்ளே இருக்கும் விரல் நீளக் குழாயைப் பையன் கையில் கொடுத்தேன். பால் கலந்த வெள்ளை, ஒளி ஊடுருவும், ஆனால் மறுபக்கம் எழுத்துத் தெரியாது. சுத்த அலுமினா, அதாவது அலுமினியம் ஆக்சைடு செராமிக். ஜெனரல் எலெக்ட்ரிக் ஆய்வுக்கூடத்தில் ராபர்ட் கோபிள் 1950களின் கடைசியில் இதைச் செய்துகாட்டினார். செராமிக் வெளுத்திருப்பதற்குக் காரணம் உள்ளே மாட்டிக்கொண்ட நுண்ணிய காற்றுத் துளைகள் என்று கண்டு, கொஞ்சம் மெக்னீசியா (மெக்னீசியம் ஆக்சைடு) சேர்த்து, அந்தத் துளைகள் சுடும்போதே வெளியேறும்படி செய்தார். கொதிக்கும் சோடியம் ஆவியைக் கண்ணாடி தாங்காது, இது தாங்கும்.

அப்படியானால் இது ஏன் பளிங்காகத் தெரியவில்லை? அலுமினாவின் படிகத்தில் ஒளி திசைக்குத் திசை கொஞ்சம் வேறு அளவில் வளைகிறது. கோடிக்கணக்கான சின்னப் படிகங்கள் கன்னாபின்னாவென்று ஒட்டியிருப்பதால் ஒவ்வொரு எல்லையிலும் ஒளி சிதறும். அலானும் ஸ்பினெலும் கனசதுரப் படிகம், எத்திசையிலும் ஒரே வளைவு, அதனால் தெளிவு. சஃபையர் அலுமினாவேதான், ஆனால் மொத்தமும் ஒற்றைப் படிகம், எல்லையே இல்லை. விலையும் அதனால்தான்.

எத்தனையோ வருடம் மாட்டுத்தாவணியிலிருந்து ராத்திரி பஸ் ஏறி இந்தக் குழாய்களின் கீழே வீட்டுக்குப் போயிருக்கிறேன்.

இரண்டாம் முடிவு: வாங்காமல் சோதிப்பது

இந்த முறை முதலில் சோதனை. கடிகாரம் பழுதுபார்ப்பவரிடம் ஒரு மாற்று சஃபையர் கண்ணாடி வாங்கி ஆசாரியிடம் எடை போட்டோம், 3.98க்கு ஒட்டி வந்தது, அசல். அதையும், ஜன்னல் கண்ணாடித் துண்டு, அக்ரிலிக், பாலிகார்பனேட், மொபைல் உறைக் கண்ணாடி ஆகியவற்றையும் ஒரு மரப்பலகையில் வரிசையாக ஒட்டி, பெட்டிக்குள் ஜன்னலுக்குப் பக்கத்தில் மாட்டினோம். இரண்டு வாரம் கழித்து எடுத்தால், சஃபையர் தவிர எல்லாம் மங்கல். சஃபையரில் லேசான மூட்டம், ஓரத்தில் ஒரு சின்னச் சில்லு, எழுத்து வாசிக்க முடிந்தது.

நான் அதோடு விட்டிருக்கலாம். ஆர்வக்கோளாறில் பலகையை, தூள் பீச்சும் நாசிலுக்கு நேராகப் பிடிக்கச் சொன்னேன். சில விநாடிதான், சஃபையரும் சொரசொரப்பாகிவிட்டது. யோசித்தால் வெட்கமாக இருக்கிறது: எமரியின் முக்கியச் சரக்கு அலுமினியம் ஆக்சைடு, சஃபையரும் அலுமினியம் ஆக்சைடு. வைரத்தை வைரத்தால் அறுப்பது போலத்தான்.

அப்போது அண்ணன் முதல் முறையாக வாயைத் திறந்தார். கல்லில் இருந்த ஸ்டென்சிலை, அதாவது எழுத்து வெட்டிய அந்த ரப்பர் ஷீட்டைக் காட்டினார். “வாத்தியாரே, கல்லே குழியுது, இந்த ரப்பர் தாங்குதுல்ல? இதுல என்ன கெட்டித்தனம் இருக்கு?”

எல்லோரும் வாயடைத்து நின்றோம். பல வருடமாக எங்கள் கண் முன்னால் இருந்த சோதனை அது. கண்ணாடி, கல், செராமிக் எல்லாம் நொறுங்கும் ஜாதி. துகள் நேராக மோதும்போது நுண்ணிய விரிசல் விட்டுப் பெயரும், கடினம் கூடக் கூட அந்தச் சேதம் குறையும், அவ்வளவுதான். ரப்பர் வேறு வழி: அடியை வாங்கி, அமுங்கி, துகளைத் திருப்பி அனுப்பிவிடுகிறது. எங்களுக்கு வேண்டியது கல்லை விடக் கெட்டியான கண்ணாடி இல்லை, ஒளி விடும் ரப்பர் மாதிரி ஏதாவது.

அது மாசி வீதியில் மீட்டர் கணக்கில் கிடைக்கிறது. சாப்பாட்டு மேசைக்கு விரிக்கும் தெளிவான, தடித்த, மெத்தென்ற பிளாஸ்டிக் ஷீட். ஜன்னல் கண்ணாடிக்கு உட்புறம் அதைக் காந்தப் பட்டையால் நிறுத்தினோம். கூடவே ஜன்னலை மேலே தூக்கி, திரும்பும் தூள் நேராக மோதாதபடி சாய்த்தோம்.

(அந்த ஸ்டார் ட்ரெக் படத்திலும் இதேதான் நடக்கும். திமிங்கிலத் தொட்டி கட்ட வந்தவர்கள் கண்ணாடி அலுமினியத்தின் சூத்திரத்தைத் தொழிற்சாலைக்காரரிடம் கொடுத்துவிட்டு, பதிலுக்குச் சாதாரண அக்ரிலிக் பலகையை வாங்கிப் போவார்கள். பையன் இதை மறந்திருந்தான்.)

பிறகு நடந்தது

ஷீட் நன்றாகவே தாங்கியது, பதினைந்து நாளுக்கு ஒரு தடவை மாற்றினால் போதும், பின்னால் இருக்கும் கண்ணாடி அந்த சீசன் முழுக்க மாற்றப்படவில்லை. தொல்லை இல்லாமல் இல்லை: பிளாஸ்டிக்கில் தூசி காந்தம் போல ஒட்டுகிறது, துணியால் துடைத்தால் கீறல். கம்ப்ரசரிலிருந்து மெல்லிய குழாய் இழுத்து ஷீட்டின் மேல் ஓரத்திலிருந்து காற்று வழியும்படி செய்த பிறகு ஓரளவு சரியானது.

ஜன்னல் தெளிவு. ஆனால் அண்ணன் கதவைத் திறப்பது குறையவே இல்லை!

கதவு திறந்திருந்தால் பெடல் வேலை செய்யாதபடி ஒரு சுவிட்ச் வைத்தோம். இரண்டாம் நாள் போனால் சுவிட்சைக் கம்பி போட்டுக் கட்டி வைத்திருக்கிறார். நண்பன் கோபமாகிவிட்டான். அப்போதுதான், ஐந்தாறு வாரம் கழித்து, ஏன் திறக்கிறீர்கள் என்று கேட்டேன்.

“குழி எம்புட்டு ஆழம்னு வெரல வச்சுப் பாத்தாத்தான் தெரியும் வாத்தியாரே. கையுறையில ஒண்ணும் தெரியாது. அப்புறம் இந்த ‘வை’ இருக்கே...”

எல்லாக் கல்வெட்டிலும் “திறந்து வைக்கப்பட்டது” என்று வரும். ‘வ’வின் சுழி, சங்கிலிக் கொம்பின் இரண்டு சுழி, மூன்றுக்குள்ளும் ஸ்டென்சிலில் பயறு அளவு ரப்பர் தனித்தீவாக நிற்கும். காற்று வேகத்தில் ஒட்டு விட்டு அது பறந்தால் சுழி முழுக்கக் குழிந்து எழுத்தே போய்விடும், கல்லை மறுபடி மெருகு போட வேண்டும், கூலி அவர் தலையில். அதனால் சில நிமிடத்துக்கு ஒரு தடவை அந்தத் தீவுகளை விரலால் அழுத்திவிடுகிறார். கண்ணாடி மங்கியதற்கும் கதவுக்கும் பாதிச் சம்பந்தம்கூட இல்லை.

அதன் பிறகு எடுத்த முடிவுகள் சடசடவென நடந்தன. நல்ல பசையுள்ள ஸ்டென்சில் ஷீட், விலை கொஞ்சம் கூட. தீவு பறந்து கல் கெட்டால் கூலியில் பிடிப்பது இல்லை என்று நண்பன் ஒத்துக்கொண்டான், என்னைக் கேட்டால் மொத்தக் கதையிலும் பெரிய மாற்றம் இதுதான். பெட்டிக்கு உறிஞ்சும் விசிறியும் தூசிப் பையும். அடித்து நிறுத்தியதும் விசிறி இரண்டு நிமிடம் ஓடும், பச்சை விளக்கு எரிந்த பிறகுதான் கதவின் பூட்டு விடும். துண்டுக்குப் பதில் வடிகட்டி வைத்த ரப்பர் முகமூடி.

சஃபையருக்கும் ஒரு வேலை கிடைத்தது. பெட்டிக்குள் இருக்கும் சின்ன எல்இடி விளக்கின் முகப்புக் கண்ணாடி அடிக்கடி மங்கி வெளிச்சம் போய்விடும், சூட்டில் மேசை ஷீட் அங்கே சுருங்கிவிடுகிறது. முப்பது மி.மீ. வட்டம் போதும் என்ற இடத்தில் விலை கட்டுபடியாகும். இன்னொரு கடிகாரக் கண்ணாடி வாங்கி ஒட்டினோம், இன்னும் மாற்றவில்லை. சாதாரணக் கண்ணாடியில் இரண்டு பக்கமும் சேர்த்து 8 விழுக்காடு போல ஒளி திரும்பிவிடும், சஃபையரில் 14 வரை. கெட்டியான இந்தப் பொருள் கொஞ்சம் இருட்டாகவும் இருக்கும். விளக்குக்கு அது ஒரு குறையே இல்லை.

இப்போது செய்தால்

முதல் நாளே அண்ணன் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு தடவை கதவு திறக்கும்போதும் எதற்கு என்று கேட்டிருப்பேன். பெரிய செலவான விசிறியை முதலில் வாங்கியிருப்பேன், கடைசியில் அல்ல. ஜன்னல் விஷயம் அதற்குப் பிறகு நிதானமாகப் பார்த்திருக்கலாம். பேர் தெரியாத பலகை எதுவானாலும் ஒரு துண்டு மாதிரி கேட்டு வாங்கி, தண்ணீரில் எடை போட்டுவிட்டுத்தான் பணம். நாசிலுக்கு நேராக சஃபையரைப் பிடித்திருக்க மாட்டேன், அல்லது பிடித்திருப்பேன், ஆனால் சொந்தக் காசில்.

ஒன்று மட்டும் யாரும் யோசிக்காதது. கார்த்திகை பிறந்ததும் அண்ணன் மாலை போட்டுக்கொண்டார், தாடி வளர்ந்தது, முகமூடி முகத்தில் பதியாமல் ஓரத்தில் காற்று கசிந்தது. மழிக்கச் சொல்ல யாருக்கு வாய் வரும்? அந்த ஒரு மண்டலம் அவரைப் பெட்டியிலிருந்து எடுத்து ஸ்டென்சில் வெட்ட வைத்தோம், பெட்டிக்குப் பையன் நின்றான். முதல் வாரத்திலேயே இரண்டு ‘வை’ போனது. இருமல் இப்போது குறைந்திருக்கிறது, அடுத்த எக்ஸ்ரே தைப்பொங்கல் கழித்து.